உள்ளே இன்னதென்று தெரியாத பாகம்

தூத்துக்குடியில் என்றைக்கும் பனி பெய்ததில்லை, பெய்யப்போவதுமில்லை, உப்பளத்தைத் தூரத்திலிருந்து பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டால்தான் உண்டு. ஆனாலும் கட்டினவர் பனிமய மாதாவின்மேல் இருந்த பக்தியில் எங்கள் அடுக்குமாடிக்கு ஸ்நோ வியூ என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டதால், கத்தரி வெயிலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஸ்நோ வியூவில் இருக்கிறோம் என்று முகவரி சொல்லிப் பழகிய எங்களுக்கு, பிறகு நடந்த எதுவும் பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் லாம்பர்ட் கொரேரா கப்பல் ஏஜென்சியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த மனிதர். மற்ற ஆண்கள் ஓய்வு பெற்றால் சர்க்கரை வியாதி வரும், இல்லையென்றால் பக்தி வரும். இவருக்குக் கட்டற்ற மென்பொருள் வந்தது. அதாவது, கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒவ்வொரு எழுத்தும் திறந்து கிடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், தடுக்கிறவன் மனித குலத்துக்கே விரோதி. இதை அவர் விளக்கிய அன்றுதான் என் மீன்குழம்பு மசாலாவின் அளவு எதிர்வீட்டுக்கு எப்படிப் போனது என்பது எனக்கு விளங்கியது.

அந்தக் கொள்கைக்கு ஒரு சங்கமும் இருந்தது. லாம்பர்ட்டைப் போலவே வீட்டில் யாரும் பேச்சுக் கேட்காத நாலைந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடி, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிவிட்டு, வடை தின்றுவிட்டு வருவார்கள். அங்கேதான் சபதம் பிறந்தது: சொந்தக் கையால் கெர்னல் கட்டுவது.

கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் குசினி. முன்னறையில் படம் ஓடட்டும், பாட்டு ஓடட்டும், உள்ளே வேகவைத்துத் தருவது அதுதான். ஒழுங்காக நடக்கிறவரை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் வைத்திருக்கிற கெர்னலில் சில மூடிய துண்டுகள் ஒளிந்திருக்குமாம், அதற்குள் என்ன இருக்கிறதென்று அதைச் செய்தவனுக்கு மட்டுமே தெரியுமாம், அப்படி ஒன்றுகூட இல்லாமல் இவர் சுத்தமாகக் கட்டப்போகிறாராம்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு பொருள் இனிமே இந்த வீட்டுல ஓடாது, ஐடா" என்று, இறால் உரித்துக்கொண்டிருந்த என் முன்னால் நின்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

"அப்போ முதல்ல உங்க அக்கா குடுத்தனுப்புன லேகியத்தைத் தூக்கி வெளிய போடுங்க" என்றேன்.

கட்டுவதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கேள்வி கேட்கும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார்கூட அவ்வளவு கேட்கமாட்டார். இது வேண்டுமா, அது வேண்டுமா, இதைச் சேர்க்கவா, விடவா என்று ஆயிரக்கணக்கில் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் உதவிக் குறிப்பு உண்டு; கேள்விக்குறியை அமுக்கினால் வரும், சங்கத்துக்காரர்கள் மெனக்கெட்டுத் தமிழிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் லாம்பர்ட் வழி கேட்காத ஜாதி. வேளாங்கண்ணிக்கு வழி கேட்க வெட்கப்பட்டு எங்களைக் காரைக்கால்வரை கொண்டுபோன மனிதர். பெயர் தெரிந்ததற்கு ஆம் என்றார், தெரியாத அத்தனைக்கும் வேண்டாம் என்றார். "தெரியாததை எதுக்குச் சுமக்கணும்? சின்னதா கட்டணும், சுத்தமா கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போனார், சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் பெட்டி கெர்னலைக் கட்டியது. திரையில் வரிகள் எறும்புச் சாரையாக மேலே ஏறி ஏறி மறைந்தன, உள்ளே இருந்த காற்றாடி கரையேறுகிற தோணி எஞ்சின் மாதிரி இரைந்தது, பெட்டியின் முதுகு கொதித்த கொதிப்பில் நான் அதன்மேல் ஒரு தட்டு நெத்திலியைக் காயப்போட்டு எடுத்தேன். கோயிலில் சாயங்கால மணி அடிக்கும்போது வேலை முடிந்தது. பெட்டியை அணைத்து ஏற்றினார். வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை, அதன் உள்ளே மூடிய துண்டு இருந்ததாம். பிள்ளை பாஸான மாதிரி கைதட்டினார்.

"அப்போ கரண்டு பில் எப்படிக் கட்டுவீங்க?" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

அதை நான் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை, கல்யாணமான நாள் முதல் அவர் திரும்பினதில்லை. காஸ் தீர்ந்துவிட்டது என்றேன், திரும்பவில்லை. உங்கள் அக்கா வந்திருக்கிறாள் என்றேன், திரும்பவில்லை. கடைசியில் கான்வென்ட்டில் எலக்யூஷன் பரிசு வாங்கின வாயால், அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று, வீடு பற்றி எரிகிறது என்று கத்தினேன். பேப்பரில் பக்கத்தைப் புரட்டினார். அப்போதுதான் இது வழக்கமான செவிடு இல்லை, வேறு செவிடு என்று பிடிபட்டது.

மகள் பிளேவியா மீன்பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். அவளும் பேசிப் பார்த்தாள், அவள் பேச்சும் அவருக்குப் போகவில்லை. ஆனால் காஸ் அடுப்பு என் கைக்கு ஒரே திருப்பில் பற்றியது. வாஷிங் மெஷின் ஓடியது. அயர்ன் பாக்ஸ் சுட்டது. "உங்கிட்ட சமைக்கிற பாகமும் துவைக்கிற பாகமும் ஊருக்கே தெரிஞ்ச பாகம்மா, அதுல ஒளிவுமறைவு இல்ல, அதனால ஓடுது" என்றாள் பிளேவியா. "பேசுற பாகத்துக்குள்ள என்ன இருக்குன்னுதான் அப்பாவுக்குத் தெரியாது. அதைக் கழட்டிட்டாங்க."

எதிர்வீட்டுத் தங்கப்பழம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். லிஃப்ட், தண்ணி மோட்டார், காலிங் பெல் எல்லாவற்றையும் நடத்துகிற சங்கத்துக் கம்ப்யூட்டர் பழுதாகிக் கிடந்ததால், லாம்பர்ட்டின் கெர்னலை அதிலும் போடச் சொன்னார்.

"இது சுதந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம், அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார் லாம்பர்ட்.

"அது இருக்கட்டும். துட்டு கேக்க மாட்டாங்கள்லா?"

போட்டார்கள். எங்கள் வீட்டுப் பெட்டி மாறும்போதெல்லாம் சங்கத்துப் பெட்டியும் தானாக மாறிக்கொள்ளும்படி லாம்பர்ட் கம்பி இழுத்து ஏற்பாடு செய்தார். அன்று முதல் ஸ்நோ வியூவின் எந்தப் பெண்ணின் பேச்சும் எந்த ஆணின் காதிலும் விழவில்லை. கட்டடத்தோடு அது நிற்கவில்லை, கருவாட்டு வாசனை மாதிரி எங்கள்மேல் ஒட்டிக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் கூடவே வந்தது. பெண்களுக்குப் பெண்கள் பேசுவது மட்டும் கேட்டது, அதை யாரும் ஒரு பேச்சாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இதை எங்கள் குடியிருப்பு தாங்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஆண்கள் நன்றாகத் தூங்கினார்கள். இரண்டு பேருக்கு ரத்தக் கொதிப்பு இறங்கியது. லிஃப்ட் பொத்தான் எங்கள் விரலுக்கு எரியாமல் போனதால், "பெண்கள் லிஃப்டில் செல்லும்போது ஓர் ஆணையோ ஆண் குழந்தையையோ உடன் அழைத்துச் செல்லவும்" என்று சங்கம் அக்கறையாக அறிவிப்பு ஒட்டியது. இரண்டாம் மாடியில் அப்போதுதான் நடக்கப் பழகிய ஆண் குழந்தையை நாங்கள் மாறி மாறி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க, அது ஆளாளுக்குக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று தின்று தூக்க முடியாமல் கனத்தது. பங்குச் சாமியார் மாதாவின் மௌனத்தைப் பற்றி அருமையாகப் பிரசங்கம் வைத்தார். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். எழுதினோம். எங்கள் கையால் எதை எழுதினாலும் அவர்கள் கண்ணுக்கு மளிகைச் சாமானாகத் தெரிந்தது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பது டெரன்ஸ் வாஸ் பெண் பார்க்க வந்த அன்று தெரிந்தது.

டெரன்ஸ் கப்பலில் அதிகாரி. பார்க்க லட்சணமான பையன்தான். பிளேவியாவோடு தனியாகப் பேசவிட்ட நேரம் பூராவும் தன் ஷூ எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்பதைப் பேசினான், கடைசியில் ஆய்வுக்கூட வேலையை என்றைக்கு விடுவதாக உத்தேசம் என்று கேட்டான். அவள் காப்பித் தட்டோடு முன்னறைக்கு வந்தபோது அவன் அப்பா, "பிள்ளைக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் பிளேவியா. இழுக்காமல், தயங்காமல், தாராளமாகக் கேட்கும்படி.

ஆண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

"நோ" என்றாள். கான்வென்ட்டில் படித்தது ஒரு வேளை உதவுமோ என்று பார்த்தாள், பாவம். தலையையும் ஆட்டினாள்.

"வெக்கப்படுதா" என்றார் லாம்பர்ட் பெருமையாக.

"மௌனம் சம்மதம்" என்றார் டெரன்ஸின் அப்பா. காப்பி குடித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குக் கேட்டது. டெரன்ஸின் அம்மா பிளேவியாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் அன்னைக்குப் பிடிக்கலதான், யாரு கேட்டா?" என்று மட்டும் சொல்லி மிக்சரை எடுத்துக்கொண்டாள். மறுநாள் பிளேவியா தாள் முழுக்கப் பெரிய எழுத்தில் "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று எழுதி அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் துவரம்பருப்பும் புளியும் வாங்கி வந்தார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று பூசையில் சாமியார் கேட்பார். மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் தாண்டிவிட்டால் தாலியைக் கட்ட வேண்டியதுதான். முதல் ஓலைக்குப் பிளேவியா எழுந்து நின்று சொன்னாள், சாமியார் அறிக்கையைத் தொடர்ந்து வாசித்தார்.

மீன்காரி மரியபுஷ்பம் வெளியாள், அவள் பேச்சு ஆண்களுக்குக் கேட்டது. அவளை லாம்பர்ட்டிடம் அனுப்பினேன்.

"ஐயா, பிள்ளைக்கு இஷ்டம் இல்லியாம்லா. தாயும் மகளும் தொண்டை வத்தக் கத்துதாவ."

"அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், மரியபுஷ்பம். மறு நிமிஷம் நிறுத்திருதேன். நான் என்ன, சுதந்திரத்துக்கு எதிரியா?" என்றார் லாம்பர்ட். முகத்தில் அவ்வளவு நேர்மை. "ஆனா அடுத்தவங்க சொல்லி நான் நம்பமாட்டேன். சாளை என்ன விலை?"

பிரச்சினை சனிக்கிழமைச் சங்கத்துக்குப் போனது. வடை தின்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூடியிருப்பதுதானே குறை, பெண்கள் தங்கள் உள்ளே இருப்பதைத் திறந்து கொடுத்துவிடட்டும். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எதற்குக் கோபம் வரும், எதற்கு அழுகை வரும், எதை மறக்கவில்லை, எதை மன்னிக்கவில்லை என்று வரி வரியாகத் தட்டிக் கொடுத்தால், அதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறகு பேச்சு தாராளமாக ஓடும்.

முதலில் போனது தங்கப்பழத்தின் மனைவி செண்பகவல்லி. தண்ணி மோட்டார் சண்டையில் மூன்று மாடியையும் ஒற்றை ஆளாக நின்று ஜெயித்தவள். இரண்டு நாள் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தாள். தங்கப்பழம் ஆசையாகப் படித்தார், படிக்கப் படிக்கப் பேனாவைத் திறந்துகொண்டார். இந்த வரி எதுக்கு? இது பழைய கதை. இது எங்க அம்மாவைப் பத்தி, எடுத்துரு. திருத்திப் போட்டு ஏற்றினார். செண்பகவல்லியின் குரல் மறுநாள் எல்லா ஆண்களுக்கும் மணியாகக் கேட்டது.

"சரிங்க" என்றது.

காலையில் சரிங்க, மத்தியானம் சரிங்க, மோட்டாரைத் தங்கப்பழமே போடாமல் விட்ட அன்றும் சரிங்க. மற்ற வீட்டு ஆண்கள் வந்து நின்று கேட்டுவிட்டு, எங்க வீட்டுக்கும் இதே ஒன்று போட்டுத் தாருங்கள் என்றார்கள்.

இதற்குள் இரண்டாம் ஓலையும் போயிருந்தது. அதற்கும் எழுந்து நின்று சொல்லியிருந்த பிளேவியா என்னிடம், "நானும் தட்டிக் குடுத்துருதேம்மா. கேட்டாலாவது போதும்" என்றாள். அவள் குரல் எனக்கே கொஞ்சம் சன்னமாகத்தான் கேட்டது.

"எதைக் குடுப்ப? உன் இல்லையைக் குடுப்ப. உங்கப்பா அதைப் படிச்சிட்டு, பிள்ளை சின்னத் தப்பு விட்டிருக்கான்னு திருத்துவாரு. பேசாம இரு, எனக்கு எரிச்சலா வருது."

எரிச்சல் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். யாரும் படிக்கலாம், யாரும் மாற்றலாம் என்றால், அந்த யாரும் என்பதில் நான் இல்லையா? நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இவருடைய ஆபீஸ் கடிதம் அத்தனையும் என் விரல் தட்டினது, அதனால் அந்தப் பெட்டிக்கு என் பேச்சு தெரியாவிட்டாலும் விரல் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவர் வடைக்குப் போனதும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய பதில்களோடு கேள்விகள் வரிசையாக வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் கேள்விக்குறியை அமுக்கிக் குறிப்பைப் படித்தேன். பாதி விளங்கவில்லை, ஆனால் சிஸ்டர்கள் வாசிக்கச் சொன்ன லத்தீன் ஜெபமும் எனக்கு விளங்கியதில்லை, அதற்காக நடுவில் எழுந்து போனேனா? அரிசி ஊறிக்கொண்டிருந்தது, வெயில் சன்னலை விட்டு இறங்கியது, அப்போது அந்தக் கேள்வி வந்தது.

"இந்த வீட்டில் உள்ளே இன்னதென்று தெரியாத ஒரு பாகம் தினமும் பேசுகிறது. அதைக் கேட்க வேண்டுமா?"

பக்கத்தில் லாம்பர்ட்டின் பதில்: வேண்டாம்.

கேள்விக்குறியை அமுக்கினேன். "இந்தப் பாகம் இல்லாமலும் வீடுகள் சில நாள் ஓடும். ஐயமிருந்தால் ஆம் என்று சொல்லவும்."

ஐயமிருந்தால் ஆம். இவ்வளவுதான். ஒரு பொத்தான் தூரத்தில் இருந்தது. நான் அழவில்லை, எனக்கு அரிசி களைய வேண்டியிருந்தது. ஆம் என்று மாற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஓலை. லாம்பர்ட் சம்பந்தி வீட்டாரை வரவேற்க முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டார். நான் பெட்டியைக் கட்டச் சொல்லி ஏவிவிட்டேன். மாறின பாகத்தை மட்டும் கட்டினால் போதும் என்பதால் இந்தத் தடவை பூசை முடிவதற்குள் முடிந்துவிடும் என்றாள் பிளேவியா. முடிந்ததும் ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். பூசைக்கு வராத ஒரே ஆள் செண்பகவல்லி.

"இரைச்சல் நின்னதும் இந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கணும், செம்பகா."

"சரிங்க மைனி."

"நடுவுல உங்க வீட்டுக்காரர் வந்து நிறுத்துன்னா?"

"சரிங்கன்னு சொல்லுவேன் மைனி."

"அப்போ அமுக்குவியளா, மாட்டியளா?"

அவள் முகம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. "உங்ககிட்டயும் சரின்னு சொல்லிட்டேன்லா" என்றாள். வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

கோயிலில் டெரன்ஸ் குடும்பம் முதல் வரிசையில், ஷூ பளபளக்க. பிரசங்கம் முடிந்து, விசுவாசப் பிரமாணம் முடிந்து, நன்மை அப்பம் வாங்கி முடிந்து, அறிவிப்பு நேரமும் வந்துவிட்டது. எனக்கு வீட்டுப் பெட்டியின் இரைச்சல் காதுக்குள்ளேயே இரைந்தது. "லாம்பர்ட் கொரேரா, ஐடா இவர்களின் மகள் பிளேவியாவுக்கும்" என்று சாமியார் வாசித்தார். "இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்."

பிளேவியா எழுந்தாள். "எனக்கு இஷ்டமில்லை, சாமி."

மேலே காற்றாடி சுற்றியது. சாமியார் அடுத்த தாளைப் புரட்டினார். கடைசித் தாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, என் வாய் மூடியிருக்க, என் குரல் கேட்டது: "அப்போ கரண்டு பில் எப்படிக் கட்டுவீங்க?"

ஆண்கள் பக்கத்தில் லாம்பர்ட் திரும்பினார்.

அந்தப் பெட்டி எதையும் தூக்கி எறிந்திருக்கவில்லை. கேட்காமல் போன அத்தனையையும் வரிசை குலையாமல் அடுக்கி வைத்திருந்திருக்கிறது, இப்போது அவிழ்த்து விட்டது. காஸ் தீர்ந்துட்டு, உங்க அக்கா வந்திருக்கா, வீடு பத்தி எரியுது. அதன்பின் ஸ்நோ வியூவின் எல்லாப் பெண்களுடையதும் கலந்து கோயில் நிறைந்தது: மாத்திரை போட்டீங்களா, லிஃப்ட் வரமாட்டேங்குது, எனக்குக் காய்ச்சல், நேத்திலிருந்து காய்ச்சல், சோத்துல கையை வைக்காதீங்க இன்னும் ரசம் இருக்கு, எங்க அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வரட்டா, பாத்துட்டு வரட்டா, பாத்துட்டு வரட்டா. ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் குரலை அடையாளம் கண்டு தலையைக் குனிந்தார்கள். சிலர் அடையாளம் காண ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் ஓய்ந்துவரும்போது, முன்னறையில் காப்பித் தட்டோடு சொன்ன அதே குரலில் ஒன்று வந்தது.

"இல்லை."

பிறகு, "நோ."

பிறகு இரண்டு ஓலைக்குச் சொன்னதும். கடைசியாக, சற்று முன் சொன்னது: "எனக்கு இஷ்டமில்லை, சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தடை இருக்கிறது" என்றார், கெட்டியான குரலில். டெரன்ஸ் தன் ஷூவைப் பார்த்தான். அவன் அம்மா கைப்பைக்குள்ளிருந்து விசிறியை எடுத்து நிம்மதியாக விசிறிக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில் லாம்பர்ட் எங்களைப் பிடித்தார். கொடுத்த வாக்கை மீறவில்லை, சம்பந்தியிடம் கைகூப்பி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் முகம் சிவந்திருந்தது.

"இதை வீட்டுலயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

பிளேவியா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாதா கோபுரத்துக்கு மேலேயிருந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

வீடு வந்தபோது மோட்டார் சம்பந்தமாகச் செண்பகவல்லியின் குரல் கீழ்வாசல்வரை கேட்டது. பெட்டி இரைகிற சத்தம் கேட்டுத் தங்கப்பழம் வந்து நிறுத்தச் சொன்னாராம். சரிங்க என்றாளாம். சொல்லிக்கொண்டே அமுக்கினாளாம். சரி என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்கிற ஒரு வரி அவள் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது, திருத்தினவர் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். அந்த வாரமே இரண்டு ரத்தக் கொதிப்பும் பழைய இடத்துக்கு ஏறின. லிஃப்ட் அறிவிப்பைக் கிழித்தது யாரென்று சங்கம் இன்னும் விசாரிக்கிறது.

இப்போது எங்கள் பெட்டியை ஏற்றும்போதெல்லாம் முதல் வரியாக ஓர் எச்சரிக்கை வருகிறது: "இந்தக் கெர்னல் மாசுபட்டது. உள்ளே இன்னதென்று தெரியாத ஒரு பாகம் இதில் ஓடுகிறது." மாசற்ற கன்னியின் பெயரால் நடந்த கான்வென்ட்டில் படித்தவள் நான், எனக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைத்ததில்லை. காலைக் காப்பியோடு தினமும் ஒரு தடவை வாசித்துக்கொள்கிறேன். சனிக்கிழமைச் சங்கத்தில் லாம்பர்ட்டிடம் அந்தப் பாகத்தை எடு, இல்லையென்றால் விலகு என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்தக் கேள்வியைத் திரையில் வரவழைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்கிற பொத்தானின்மேல் விரல் இருந்தது. பிறகு ஆயுசில் முதல் தடவையாகக் கேள்விக்குறியை அமுக்கி, குறிப்பைப் படித்து, பெட்டியை அப்படியே மூடிவைத்தார். சனிக்கிழமை வடை நின்றுபோயிற்று.

அதனால் சனிக்கிழமைகளில் அவர் குசினி வாசலில் வந்து நிற்கிறார்.

"உள்ள என்னதான் இருக்கு, ஐடா?"

"தேங்காய் துருவுங்க, சொல்லுதேன்."

இன்னும் சொல்லவில்லை. துருவல் மட்டும் ஒவ்வொரு வாரமும் பூ மாதிரி விழுகிறது.